பின்பக்கம் நிரப்பப்படாத சீட்டு

கேரளத்தில் ஆலுவாவுக்கு அருகே சாலையோரம் லாட்டரிச் சீட்டு விற்றுவந்த பெண் ஒருவர், வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கடனாகச் சொல்லிவைத்த சீட்டைத் தனியே எடுத்து வைத்திருந்தார். 2021 மார்ச்சில் நடந்த குலுக்கலில் அந்தச் சீட்டுக்கே 6 கோடி ரூபாய் முதல் பரிசு விழுந்தது. அதற்கான 200 ரூபாயைக்கூட அதுவரை தந்திராத அந்த மனிதரிடம் சீட்டை அவர் ஒப்படைத்தார். அவரது நேர்மை பாராட்டப்பட்டது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அவர் தர மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை.

1967இல் கேரள அரசு லாட்டரியைத் தொடங்கியது. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பதே இன்றும் நடைமுறை. அதை மாற்றும் வல்லமை, சீட்டின் பின்பக்கத்தில் பெயர், முகவரி, கையொப்பத்துக்கென விடப்பட்ட இடத்துக்கு மட்டுமே உண்டு. வாங்குவோரில் பலர் அதை முடிவு வெளியான பிறகே நினைத்துப் பார்க்கின்றனர். அதுவரை அந்தச் சீட்டு, கீழே கிடந்து எவர் எடுத்தாலும் அவருடையதாகிவிடும் ரூபாய் நோட்டைப் போன்றதுதான்.

பரிசு விழுந்த பின்னரும் ஆபத்து விலகுவதில்லை. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு, அரசிதழில் முடிவைச் சரிபார்த்து, குலுக்கல் நடந்த 30 நாள்களுக்குள் அடையாளச் சான்றுடன் லாட்டரி அலுவலகத்திலோ வங்கியிலோ சீட்டை ஒப்படைக்க வேண்டும். பெருந்தொகையில் முகவர் பங்கும் 30 சதவீத வருமான வரியும் கழியும். இங்கேதான் இடைத்தரகர் நுழைகிறார். வரி போகக் கிடைப்பதைவிட அதிகமாக, அதுவும் உடனடி ரொக்கமாகத் தருவதாக ஆசை காட்டுவார். அவருக்கு வேண்டியது, கணக்கில் வராத பணத்துக்கு ஒரு கணக்கு. சீட்டைக் கைமாற்றியவர் ஏமாந்தால் எந்த வாசலிலும் போய் முறையிட முடியாது. முன்பே கையெழுத்திட்ட சீட்டை இந்தத் தரகர் தொடவே மாட்டார்.

சிறு பரிசுகளில் ஏமாற்று எதிர்த்திசையில் பாய்கிறது. 5,000 ரூபாய் வரையிலான பரிசைக் கடைக்காரரே தரலாம் என்பதால், எண்ணைத் திருத்திய சீட்டையோ வண்ண நகலையோ நீட்டிப் பணம் பறிக்கின்றனர். பெரும்பாலும் முதியவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுமான விற்பனையாளர்களே இதற்கு இலக்கு. அலுவலகம் அந்தச் சீட்டை நிராகரிக்கும்போது இழப்பு முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. இத்தனை வருவாய் ஈட்டும் அரசு இதைத் தனிமனிதரின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

தமிழக வாசகருக்கு இது அயல் விவகாரமல்ல. இங்கு 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆயினும் வாளையாறு வழியாகச் சீட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் பரிசு தமிழகத்தைச் சேர்ந்த நால்வருக்கு விழுந்தபோது, அந்தச் சீட்டு தமிழகத்தில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று புகார் எழுந்தது. எல்லை கடந்து கைமாறிய சீட்டை வாங்குபவர், வென்றாலும் இப்படியொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கேரள லாட்டரிக்கு இணையவழி விற்பனை இல்லை என்று அத்துறை எச்சரித்தும், செல்பேசியில் சீட்டு விற்பவர்கள் குறையவில்லை. ‘பரிசு விழுந்துள்ளது, முதலில் வரியைக் கட்டுங்கள்’ என்ற அழைப்பு வந்தால் அது மோசடி என்று உடனே முடிவு செய்துவிடலாம். வரி பரிசுத் தொகையிலிருந்தே பிடிக்கப்படும். முன்பணமாக யாரும் கேட்பதில்லை.

விற்பனையாளரின் முன்னிலையிலேயே வாங்குபவர் கையெழுத்திட வேண்டும் என்று கேரள அரசு விதி வகுக்கலாம். அதற்குத் தேவை, ஒவ்வொரு கடைப் பலகையிலும் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனா.