உடைந்த பலகையும் ஒளிந்த வரலாறும்

வங்குரோத்து என்னும் சொல்லை நம் நாட்டிலே அறியாதார் இலர். ஐரோப்பியரின் வணிகத்தோடு கப்பலேறி வந்த சொற்களுள் அதுவும் ஒன்று. அதன் மூலம் இத்தாலிய மொழியிலே ‘உடைந்த பலகை’ எனப் பொருள்படும் என்பர் சொல்லாராய்ச்சியாளர். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் தீர்ப்பதை இடைநிறுத்தியபோது, கடைத்தெருவிலே வழங்கிய அச்சொல் வீட்டுக்கு வீடு ஒலிக்கலாயிற்று. ஒருவன் வங்குரோத்தானான் என்று கேட்டதும், அவன் ஊதாரியாகவோ வஞ்சகனாகவோ இருந்திருத்தல் வேண்டும் என்ற தீர்ப்பை நாம் எத்துணை விரைவாக வழங்கிவிடுகிறோம்! இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்று ஆராய விரும்புவோர்க்குக் கைத்தொழிற் புரட்சி கண்ட ஆங்கில நகரங்களைப் போல் தக்க களம் வேறில்லை என்பது என் கருத்து.

நானும் வகுப்பிலே கைத்தொழிற் புரட்சியைக் கற்பித்தவன். ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், குரொம்ப்டன், உவாட் என்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொறியையும் ஓர் ஆண்டையும் குறித்துவிட்டால் பாடம் முடிந்ததென எண்ணியிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அக்காலத்திலே தொழில் தொடங்கிய எல்லாரும் பணக்காரரானார்களா?” என்று கேட்டான். “முயற்சியுடையோர் முன்னேறினர்” என்று கூறி அவனை அமர்த்திவிட்டேன். அவ்விடை பிழையென்று பின்னர் உணர்ந்தேன். இக்கட்டுரையை அம்மாணவனுக்குக் காலந்தாழ்த்திக் கூறும் மறுமொழியாகக் கொள்க.

நீராவி இயந்திரத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். உவாட்டின் ஆராய்ச்சிக்கு முதலில் பொருள் கொடுத்து உதவியவர் யோன் றோபக் என்பவர். கறன் இரும்பாலையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான அவர், நிலக்கரிச் சுரங்கத்தில் நட்டமுற்று 1773இல் வங்குரோத்தானார். இயந்திர உரிமத்தில் அவருக்கிருந்த மூன்றில் இரண்டு பங்கைக் கடன் கொடுத்தோர் ஒரு பொருளாக மதிக்கவில்லை. தமக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக அதனைப் பெற்றுக்கொண்டவர் பேர்மிங்காம் நகரத்து மத்தியூ போல்டன். உவாட் பேர்மிங்காம் சென்றதும், அந்நகரின் புகழ் உலகெங்கும் பரவியதும் இதன் பின்னரேயாம். போல்டனின் பெயர் பாடநூல்களில் உண்டு. முயற்சியிற் சற்றும் குறையாத றோபக்கின் பெயரைத் தேடித்தான் காணவேண்டும்.

இனி, மான்செஸ்டரையும் அதனை அடுத்த ஸ்டொக்போட் நகரையும் நோக்குவோம். அங்கே தொழில் நடத்துதற்குக் கைப்பணம் போதுவதில்லை. லிவர்பூல் தரகன் பஞ்சைக் கடனுக்குக் கொடுப்பான். நூற்போன் நூலைக் கடனுக்கு விற்பான். துணி செய்வோன் அதனை நெய்வித்து, நீண்ட தவணையில் இலண்டன் வணிகனுக்கு அனுப்புவான். இவர்களை ஒன்றாகப் பிணைத்தது உண்டியல். லங்காஷயரிலே ஓர் உண்டியல் பணத்தைப் போலவே கைமாறும். வாங்கியவன் ஒவ்வொருவனும் அதன் பின்புறத்திற் கையொப்பமிட்டு மற்றொருவனுக்குக் கொடுப்பான். முதலில் எழுதியவன் பணங்கொடாது போயின், கையொப்பமிட்ட ஒவ்வொருவனும் அப்பணத்துக்குப் பொறுப்பாளியாவான். ஆகவே, முகமறியாத ஒருவன் இலண்டனில் வீழ, தன் தறியையும் தன் கணக்கையும் ஒழுங்காகப் பேணிய ஒருவன் ஸ்டொக்போட்டில் வீழ நேர்ந்தது.

பங்காளர் பொறுப்புக்கு எல்லை வகுக்கும் வசதி சாதாரண வணிகர்க்கு 1855ஆம் ஆண்டு வரை கிட்டவில்லை. தொழில் முறிந்தால் ஆலையோடு கட்டிலும் கரண்டியும் போகும்.

1788இலே லிவ்சி, ஹார்கிரீவ்ஸ் கம்பனி என்ற பெரிய துணி அச்சிடும் நிறுவனம் முறிந்தபோது, அதனோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த லங்காஷயர் எங்கும் துன்பம் பரவிற்று. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டதும் நாட்டுப்புற வங்கிகள் பல கதவடைத்தன. அவ்வாண்டின் வங்குரோத்துக்கள் முந்திய ஆண்டினவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்காயின. மஸ்லின் துணி செய்வதில் முதல்வராகத் திகழ்ந்த ஸ்டொக்போட் சாமுவேல் ஓல்ட்னோ கூலி கொடுக்க நாணயமின்றித் தம் தொழிலாளர்க்குக் கடைச் சீட்டு வழங்கினார். சட்டப்படி அவர் வங்குரோத்தாகவில்லை. ஆனால், 1828இல் இறக்கும்வரை ஆர்க்ரைட் குடும்பத்தாரின் கடனாளியாகவே வாழ்ந்தார். அவருடைய மெலர் ஆலை 1892இல் எரிந்தது. எஞ்சிய கட்டடத்திலே 1921இல் அவர் கணக்கேடுகள் கண்டெடுக்கப்பட்டிராவிடின் இவையெல்லாம் நமக்குத் தெரியவந்திரா.

1793இன் நெருக்கடி தணிந்த விதமும் சிந்திக்கத்தக்கது. நல்ல சரக்கை ஈடாக வைப்போர்க்கு 50 இலட்சம் பவுண் வரை கடன் வழங்கப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. அத்தொகையிற் பாதிகூட வழங்கப்படவில்லை, பீதி அடங்கிவிட்டது. கடன் பெற்றோர் ஏறத்தாழ அனைவரும் அதனைத் திருப்பிச் செலுத்தினர். வீழ்ந்தோரெல்லாம் ஊதாரிகளாக இருந்திருப்பின் இவ்வாறு நிகழ்ந்திருக்க முடியுமா?

ஏமாற்றுக்காரர் இருந்ததில்லையா என்று கேட்போர் உளர். இருந்தனர். பொருளை மறைத்த வங்குரோத்துக்காரனுக்கு மரணதண்டனை விதித்தது அக்காலச் சட்டம். 1761இல் யோன் பெரொட் என்னும் வணிகன் அவ்வாறே தூக்கிலிடப்பட்டான். எனினும், அதே சட்டம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மற்றோர் உண்மையையும் ஏற்றிருந்தது. உள்ளதையெல்லாம் ஒளியாது ஒப்படைத்து, கடன் கொடுத்தோருள் ஐந்தில் நான்கு பங்கினரின் இசைவையும் பெற்றவன், பழைய கடனிலிருந்து விடுபட்டுப் புதிதாகத் தொழில் தொடங்கலாம். வணிகத்திலே குற்றமற்றவனும் வீழக்கூடும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டமைக்கு இதனிலும் சான்று வேண்டியதில்லை.

ஆனால், இக்கருணை யாருக்குக் கிடைத்தது? இங்கேதான் என் மனம் ஆறுவதில்லை. வங்குரோத்துச் சட்டத்தின் நிழலில் ஒதுங்க ஒருவன் வணிகனாக இருத்தல் வேண்டும். தனியொருவருக்கேனும் 100 பவுண் கடன்பட்டிருத்தலும் வேண்டும். உழவனுக்கும் கூலிக்கு நெய்தவனுக்கும் அங்கே இடமில்லை. மூலைக் கடையில் மாவும் மெழுகுதிரியும் விற்ற சிறு கடைக்காரனுக்கு 100 பவுண் கடன் கொடுப்பார் யார்? அவனைச் சில பவுண் கடனுக்காகச் சிறையிலிடலாம். மான்செஸ்டரின் கடனாளிகள் பலர் லங்காஸ்டர்க் கோட்டைச் சிறையிலே நாட்கழித்தனர். உழைத்துக் கடன் தீர்க்க வேண்டியவனை உழைக்கவியலாத இடத்தில் அடைத்துவைப்பதைப் போன்ற பேதைமை பிறிதுண்டோ? பெருங்கடன் பட்டவனுக்கு மீட்சியும் சிறுகடன் பட்டவனுக்குச் சிறையும் என்ற இந்நிலை நெடுங்காலம் நீடித்தது. வணிகரல்லாதாரும் வங்குரோத்துச் சட்டத்தின்கீழ் வந்தது 1861இலேதான். கடனுக்குச் சிறை என்னும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது 1869இல்.

இலக்கிய அன்பர்கள் இவ்விடத்தில் எலிசபெத் காஸ்கெலின் ‘வடக்கும் தெற்கும்’ என்ற நாவலை நினைவுகூர்வர். 1854இல் வெளிவரத் தொடங்கிய அந்நாவலின் மில்டன் நகரம் மான்செஸ்டரேயாம். அதன் தலைவன் தோண்டனின் தந்தை சூதாட்டம் போன்ற வணிகத்திற் பொருளிழந்து தற்கொலை செய்துகொள்கிறார். மகன் வாரம் 15 சிலிங் சம்பளத்தில் 3 சிலிங்கை மிச்சம்பிடித்து வளர்ந்து, தந்தையின் கடனைத் தீர்க்கிறான். பின்னர் ஆலை முதலாளியாகிய அவனும் வீழ்கிறான். பிறர் பணத்தைப் பணயம் வைத்துத் தப்ப மறுத்தமையால் வீழ்கிறான். மானமுள்ளவனும் வீழ்வான் என்று காட்டிய அவ்வம்மையாரின் நேர்மையைப் போற்றுகிறேன். ஆயினும், அவனைக் கரையேற்றுவது எது? கதாநாயகிக்கு வந்த மரபுரிமைச் சொத்து! மானம் ஒன்றே ஒருவனை மீட்கப் போதாது என்பதை ஆசிரியை அறிந்தே இருந்தார். லங்காஸ்டர்க் கோட்டையில் இருந்தவனுக்கு அத்தகைய கதாநாயகி வாய்க்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது நல்ல சட்டம்.

18ஆம் நூற்றாண்டில் மட்டும் இங்கிலாந்தில் ஏறத்தாழ 33,000 வங்குரோத்துக்கள் நிகழ்ந்தன என வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். அவர்களின் பெயர்கள் இலண்டன் வர்த்தமானியின் பக்கங்களில் வரிசை வரிசையாக உள்ளன. நூற்போர், சாயமிடுவோர், பலசரக்குக் கடைக்காரர், இரும்பு வணிகர் எனப் பலரும் அங்குளர். இவர்கள் கட்டிய ஆலைகளைக் குறைந்த விலைக்கு வாங்கியோர் பின்னாளிற் செல்வராயினர். இவர்கள் பழக்கிய தொழிலாளரே பிறர் ஆலைகளை நடத்தினர். அந்நகரங்களின் செல்வத்திலே இவர்களின் இழப்பும் கலந்திருக்கிறது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைத்தொழிற் புரட்சியைக் கற்பிக்கும்போது ஆர்க்ரைட்டின் பெயரை அழிக்க வேண்டியதில்லை; அதன் அருகிலே றோபக்கின் பெயரையும் எழுதுங்கள். லங்காஸ்டர்க் கோட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை கூறுங்கள். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள், தந்தையின் கடை மூடப்பட்டதனால் தலைகுனிந்திருப்பவர் சிலரேனும் இருப்பர். வீழ்ந்தவனெல்லாம் குற்றவாளியல்லன் என்பதை அவர்கள் வரலாற்றுப் பாடத்திலாவது கேட்கட்டும்.