பறந்து திரும்பியதே சான்றாகுமா?

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சிதறியதைப் பற்றிப் பேச்செடுத்தால், ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ரப்பர் துண்டைப் பனிநீரில் போட்டுக் காட்டிய கதை கூடவே வந்துவிடும். குளிரில் ரப்பர் விறைத்தது, ஏழு பேர் இறந்தார்கள். கச்சிதமான கதைதான். ஆனால், பழியில் பாதியைக்கூடக் குளிரின் தலையில் கட்ட முடியாது.

விண்ணோடத்தை மேலே தள்ளிய பூஸ்டர் ராக்கெட் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 500 டன் திட எரிபொருள். யூட்டாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு ரயிலில் வர வேண்டியிருந்ததால், துண்டு துண்டாக வார்த்து ஏவுதளத்தில் பொருத்தினார்கள். அந்த இணைப்பில்தான் வினை. மேல் துண்டின் விளிம்பு கீழ்த் துண்டின் கவட்டைக்குள் இறங்கும். சுற்றிலும் 177 எஃகு பின்கள். வெப்ப வாயு கசியாமல் தடுக்க, கால் அங்குலத் தடிமனில் இரண்டு ரப்பர் வளையங்கள். பற்றவைத்ததும் உள்ளழுத்தத்தால் உருளையின் சுவர் புடைக்கும். அப்போது இணைப்பு இறுகும் என்பது வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கு. 1977 சோதனையில் அது நேர்மாறாக விரிந்தது. விரியும் இடைவெளியை வளையம் ஒரு நொடிக்குள் அடைத்தாக வேண்டும். குளிர் அதைத் தாமதப்படுத்தியது, அவ்வளவே.

திரவ எரிபொருள் எஞ்சின் என்றால் இடையில் நிறுத்திவிடலாம். விண்ணோடத்தின் பூஸ்டரோ பற்றிக்கொண்டால் இரண்டு நிமிடம் எரிந்தே தீரும். ஆகவே, எழுப்ப வேண்டிய சந்தேகம் அனைத்தையும் தரையிலேயே எழுப்பித் தீர்க்க வேண்டும்.

நடந்தது வேறு. 1981இல், இரண்டாவது பயணத்திலேயே வளையத்தில் அரிப்பு தெரிந்தது. 1985 ஜனவரியில், சுமார் 12 டிகிரி செல்சியஸ் குளிரில் போய்வந்த பூஸ்டரில் இரு வளையங்களுக்கும் நடுவே கரி படிந்திருந்தது. அந்த ஏப்ரலில் ஏவியதில், வாயு வெளியேறும் நாசிலின் இணைப்பில் முதல் வளையம் எரிந்தே போயிருந்தது. இரண்டாவது வளையம் தாங்கிவிட்டதே என்று, ஆபத்தின் தடயத்தைப் பாதுகாப்பின் கணக்கில் வரவு வைத்தார்கள்.

ஏவுதலுக்கு முந்தைய இரவு, பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தையகால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் போஜலேயும் சகாக்களும் 12 டிகிரிக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் முகம் சுளித்ததும், நிறுவன நிர்வாகம் தன் பொறியாளர்களை ஓரங்கட்டிச் சம்மதம் கொடுத்தது. பறப்பது பாதுகாப்பு என்று நிரூபிக்க வேண்டியவர்கள், ஆபத்து என்று நிரூபிக்கும் சுமையைப் பொறியாளர்கள்மேல் ஏற்றினார்கள். மறுநாள் சுமார் 2 டிகிரி. கிளம்பிய முதல் நொடிக்குள்ளேயே வலது பூஸ்டரின் அடி இணைப்பிலிருந்து கரும்புகை வந்ததைப் படச்சுருள்கள் பிற்பாடு காட்டின.

பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2024 அக்டோபர் 4 அன்று, வல்கன் ராக்கெட்டின் இரண்டாவது பயணத்தில் ஒரு திட பூஸ்டரின் நாசில் பிய்த்துக்கொண்டு விழுந்தது. மைய எஞ்சின்கள் ஈடுகட்டியதால் ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. நாசிலின் உள்காப்புப் பகுதியில் தயாரிப்புக் குறை என்று கண்டறிந்தார்கள். 2025 மார்ச்சில் வல்கனுக்கு அமெரிக்க விண்வெளிப் படையின் சான்றிதழும் கிடைத்தது. காரணத்தைத் தேடித் திருத்திய பிறகே வந்த சான்றிதழ் என்பதால் அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால், சுற்றுப்பாதை கிடைத்தது என்பதற்காக அந்த பூஸ்டரையும் வெற்றிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ராக்கெட் தப்பியது, பூஸ்டர் தோற்றது. இரண்டையும் தனித்தனி வரியில்தான் எழுத வேண்டும்.