பட்டியலில் இல்லாத கழுகு

பழைய வீடியோ கேம்களைப் பற்றி யார் பட்டியல் போட்டாலும் மரியோ, செல்டா, சோனிக் என்றுதான் தொடங்குகிறார்கள். நம் பசங்களும் அதையே ஒப்பிக்கிறார்கள். சீல் பிரிக்காத நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ் ஒன்றை ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய நண்பன் ஒருவன், "மைக்ரோ ஜீனியஸ் எல்லாம் காப்பி சாமான்டா, அதையெல்லாம் ரெட்ரோன்னு சொல்லாதே" என்றான். அவனும் சுங்கை வேயில் வளர்ந்தவன்தான். நிண்டெண்டோவின் அசல் பெட்டியைச் சின்ன வயதில் நாங்கள் இருவருமே கண்ணால் பார்த்ததில்லை.

எங்களுக்குக் கிடைத்தது மைக்ரோ ஜீனியஸ். 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமின் தைவான் நகல். மாமா ஆடி முடித்து என் கைக்கு வந்தபோது பொத்தான்கள் பாதி தேய்ந்திருந்தன. அதில் நாங்கள் விடிய விடிய ஆடியது 'பேட்டில் சிட்டி'.

நாம்கோ 1985இல் வெளியிட்ட விளையாட்டு அது. 35 கட்டங்கள், கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகள், திரையின் கீழ்ப்பக்க நடுவில் காப்பாற்ற வேண்டிய ஒரு கழுகு. அமெரிக்க வீடுகளில் இருந்த நிண்டெண்டோவுக்கு அது வெளிவரவே இல்லை. அவர்கள் பட்டியலில் அது இல்லாததற்குத் தரம் காரணமல்ல. அவர்கள் அதை ஆடவில்லை, அவ்வளவுதான். அந்த விடுபடலை நாமும் ஏன் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

'பேட்டில் சிட்டி'யில் இருவர் சேர்ந்து ஆடலாம். கூட்டாளியைத் தவறிச் சுட்டால் அவன் சற்று நேரம் அசையாமல் நிற்பான். அதற்குள் கழுகு போய்விடும். எத்தனை சண்டை! இன்னொரு வசதி, செங்கல், இரும்பு, தண்ணீர், காடு வைத்து நாமே களம் கட்டலாம். பெட்டியை அணைத்தால் கட்டியது அழிந்துவிடும். மறுநாள் மறுபடி கட்டுவேன். நான் பொறியியல் படிக்கப் போனது அந்தத் திரையிலிருந்துதான்.

நகல்தான், மறுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நாம் ஃபோட்டோஸ்டேட் எடுத்துப் படித்த நாவல்களும் நகல்தான். அவற்றைப் படிக்கவில்லை என்று சொல்வோமா?

அசலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. 1970களிலிருந்து சுங்கை வே சுதந்திர வர்த்தக வட்டார ஆலைகளில் சில்லுகளைப் பொருத்தியவர்களில் தோட்டங்களிலிருந்து வந்த நம் பெண்களும் உண்டு. முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து இணைக்கும் வேலை. என் அம்மாவும் செய்தார். "ஷிப்ட் முடிஞ்சு வந்தா டீவியப் பார்க்கவே முடியாது, கண்ணு எரியும்" என்பார். அந்தக் காலத்துக் கருவிகளைத் திறந்து பாருங்கள், எத்தனையோ சில்லுகளின் முதுகில் 'மலேசியா' என்று அச்சிட்டிருக்கும். எந்தச் சில்லு எந்தப் பெட்டிக்குள் போனது என்று அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆகவே, கடன் வாங்கிய ஏக்கம் போதும். நீங்கள் உண்மையில் எதை விளையாடினீர்கள், எந்த பாசார் மாலாமில் வாங்கினீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள் என்று எழுதுங்கள். மரியோவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.