எத்தனை வீதம்?

மதுக்கடையின் கம்பி வலைக்கு முன்னால் நிற்பவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பியர் வாங்க வந்தவராயின் அவருடைய முதற் கேள்வி விலை. இரண்டாவது கேள்வி, "எத்தனை வீதம்?" மூன்றாவது கேள்வி ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. அதன் நிறம் என்ன, மணம் எப்படி, தொண்டையில் இறங்கிய பின் எது எஞ்சுகிறது என்றெல்லாம் விசாரிப்பவர் எங்கள் நாட்டில் நகைப்புக்கு இடமாவார். அரசும் நெடுங்காலம் அதே கண்ணால்தான் பியரைப் பார்த்தது. ஐந்து வீத மதுசாரத்துக்கு மேற்பட்டது, கீழ்ப்பட்டது என இரண்டாக வகுத்து வரி அறவிட்டது. குடிப்பவருக்கும் வரி அறவிடுபவருக்கும் கையில் இருந்தது ஒரே அளவுகோல்.

அந்த அளவுகோலை நானும் வைத்திருந்தவன்தான். அது பிழையானது என்று எனக்குக் காட்டியது, வேடிக்கையாக, பதினொன்றரை வீத மதுசாரம் கொண்ட ஓர் ஆங்கிலேய பியர்.

2023 டிசெம்பரில் இலண்டனில் தங்கை வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மூத்த மகன் கணக்காளன். ஓய்வு நாட்களில் வீட்டின் பின்புறக் கொட்டிலில் பியர் காய்ச்சுபவன். அதனோடு நின்றுவிடாமல், பியர்ப் போட்டிகளில் நடுவராக அமர்வதற்கான பரீட்சையும் எழுதித் தேறியிருக்கிறான். இது தங்கைக்குப் பெருமையா துக்கமா என்பதை நான் இன்னும் கண்டறியவில்லை. குளிர் கடுமையாக இருந்த ஓரிரவில் அவன் படிக்கட்டின் கீழுள்ள சிறு அறையிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்துவந்தான். பெயர்கள் தெரியாதபடி சமையலறையிலேயே ஊற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டு என் முன்னால் வைத்தான். கூடவே ஒரு புள்ளித்தாளும் பென்சிலும்.

மூன்றும் பார்லி வைன் என்றான். பெயரில் வைன் இருந்தாலும் திராட்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. முளைக்கவைத்து உலர்த்திய பார்லி, ஹொப் பூக்கள், மதுவம், தண்ணீர் என்ற அதே நான்கு பொருட்களால் ஆன ஏல் வகைப் பியர்தான். வேறுபாடு செறிவில். தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று கொண்டால், சாதாரண பியருக்கான இனிப்புச் சாறு நொதிக்குமுன் 1040, 1050 என்ற அளவில் இருக்கும். பார்லி வைனுக்கு அது 1080 இலிருந்து 1120 வரை செல்லும். அதற்கு ஏறத்தாழ இருமடங்கு தானியம் வேண்டும். தானியத்திலிருந்து முதலில் வடியும் கெட்டிச் சாற்றை மட்டும் எடுத்து நீண்டநேரம் கொதிக்கவைப்பார்கள். எங்கள் வீடுகளில் முதற்பால், இரண்டாம் பால் என்று தேங்காயைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலேயப் பண்ணைவீடுகளில் முதற்பால் எசமானருக்குரிய கடும் ஏலாகியது. மீதியைக் கழுவிப் பிழிந்தது வேலையாட்களுக்கு மென்பியராகியது.

அவ்வளவு இனிப்பையும் தின்று மதுசாரமாக்க மதுவம் படாத பாடு படும். இடையிலேயே களைத்து நின்றுவிடுவதும் உண்டு. புதிதாக வடித்ததைக் குடித்தால் தொண்டை எரியும். ஆகவே மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சுடன் போர் மூண்டு வைன் அருமையானபோது, ஆங்கிலேயப் பிரபுக்கள் இத்தகைய ஏல்களை வைனுக்குப் பதிலாக மேசைக்குக் கொண்டுவந்தனர். வாரிசு பிறந்த ஆண்டில் வடித்து, அவன் இருபத்தொரு வயதை எட்டும் நாளில் திறக்கும் வழக்கமும் இருந்தது. 'பார்லி வைன்' என்ற பெயரைப் பரப்பியதில் பேர்ட்டன் நகரின் பாஸ் நிறுவனத்தாருடைய முதலாம் இலக்க ஏலுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் இதற்கு மறுவாழ்வு அளித்தவர் சன் பிரான்சிஸ்கோவின் அங்கர் ஆலை உரிமையாளர் பிரிட்ஸ் மேற்றாக். 1975 இல் அவர் வடித்த 'ஓல்ட் பொக்ஹோர்ன்' அங்கே ஒரு தலைமுறையையே தொடக்கிவைத்தது. 1983 இல் சியரா நெவாடாவின் 'பிக்ஃபுட்' வந்தது. ஆங்கிலேயர் மோல்டின் இனிமையை முன்நிறுத்த, அமெரிக்கர் ஹொப்பின் கைப்பை முன்நிறுத்தினர். வரலாறு இம்மட்டில் போதும்.

முதற் கிண்ணத்தைக் கையில் எடுத்தவுடன் என் மருமகன் தடுத்தான். "மாமா, இப்ப குடியாதேங்கோ. கொஞ்ச நேரம் கைக்குள்ள வைச்சிருங்கோ. குளிர் விட்டால்தான் வாசம் வரும்."

வைத்திருந்தேன். அந்தச் சில நிமிடங்களில் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார்.

நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வந்தபோது எங்கள் ஆசிரியபீடத்தில் மூத்த துணை ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒப்புநோக்குவதில் அவருக்கு இணையாக இன்றுவரை ஒருவரை நான் கண்டதில்லை. ஒரு வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்ப்பார். "இதிலே ஒரு சொல் புளிக்குது" என்பார். சொல்லைச் சுவைப்பது என்பதை நான் பேராதனையில் நான்கு ஆண்டுகள் தமிழ் கற்றபோதல்ல, அவரது மேசையருகே நின்றபோதுதான் அறிந்தேன். அதே மனிதர் இரவுப் பக்கங்கள் அச்சுக்குப் போனதும் சாராயத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார். முகம் சுளிப்பார். உடனே தண்ணீர் குடிப்பார். கசாயம் குடிக்கும் குழந்தை போல. 2004 இல் ஈரல் அழுகி இறந்தபோது அவருக்கு ஐம்பது நிறையவில்லை. எழுத்துக்கு எழுத்துச் சுவைத்த அந்த நாக்கு, தன்னைக் கொன்றதை ஒருநாளும் சுவைத்துப் பார்த்ததில்லை. சுவைத்துக் குடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. பார்லி வைனைப் பற்றி எழுத உட்காரும்போது அவரைத் தாண்டிச் செல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

கிண்ணத்துக்குத் திரும்புகிறேன். அமெரிக்காவில் 1985 இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் முறைப்படி மொத்தப் புள்ளிகள் ஐம்பது. மணத்துக்குப் பன்னிரண்டு, தோற்றத்துக்கு மூன்று, சுவைக்கு இருபது, வாயில் உணரும் கனத்துக்கு ஐந்து, ஒட்டுமொத்த மதிப்புக்குப் பத்து. தோற்றத்துக்கு மூன்றே புள்ளிதான் என்பது எனக்குப் பிடித்திருந்தது. விளம்பரங்களில் நாம் காணும் நுரையும் பொன்னிறமும் அவ்வளவுதான் பெறும்.

முதலாம் கிண்ணம் செம்பொன் நிறம். தேனும் தோடம்பழத் தோலும் கலந்த மணம். நாவில் வைத்தவுடன் இனிப்பு, பின்னர் கைப்பு, இரண்டும் தனித்தனியே. பிணக்குப்பட்ட கணவன் மனைவி ஒரே மேசையில் அமர்ந்திருப்பதுபோல. கடைசியில் மதுசாரம் சிறிது சுட்டது. முப்பத்துமூன்று புள்ளிகள் எழுதினேன்.

இரண்டாம் கிண்ணம் கபில நிறம். முகர்ந்தபோது பேரீச்சம்பழம், உலர்ந்த முந்திரிகை, அடிப்பிடிக்கத் தொடங்கும் தருணத்தில் இறக்கிய தொதல். சுவைத்தபோது கித்துள் பாணியின் இருண்ட இனிமை. அதன் பின்னால், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒரு மெல்லிய கைப்பு வந்து இனிப்பைத் திகட்டாமல் காத்தது. மதுசாரம் எங்கே என்று தேடினேன். நாக்கில் இல்லை, தொண்டையில் இல்லை. விழுங்கிச் சற்று நேரம் கழித்து நெஞ்சுக்குள் ஓர் இளஞ்சூடு மட்டும். நாற்பத்தொன்று.

மூன்றாம் கிண்ணம் கருமை. மரப்பீப்பாயில் இட்டு வைத்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுசெல்லும் முன்பே விஸ்கியும் வனிலாவும் எழுந்து வந்தன. முதல் வாய் மலைக்க வைத்தது. இரண்டாம் வாயும் அதையே சொல்லிற்று. மூன்றாம் வாயில் நகப்பூச்சை நினைவூட்டும் ஒரு நெடி மேலெழுந்தது. இருபத்தெட்டுக்கு மேல் எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் பெயர்கள் வெளியாகின. முதலிரண்டும் ஒரே பியர்! மான்செஸ்டர் நகரத்து ஜே.டபிள்யூ. லீஸ் ஆலையார் 1986 இலிருந்து வடித்துவந்த 'ஹாவெஸ்ட் ஏல்'. ஒன்று ஓராண்டு வயதுடையது. மற்றையது எட்டாண்டுகள் படிக்கட்டின் கீழ் உறங்கியது. இரண்டிலும் அதே பதினொன்றரை வீதம். வீதம்தான் அளவுகோல் என்றால் இரண்டும் சமமாக அல்லவா இருக்கவேண்டும்? ஒன்று சுட்டது, மற்றொன்று அணைத்தது. இடையில் நின்றது காலம். போத்தலுக்குள் எஞ்சிய சிறிதளவு ஒட்சிசன் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வேலை செய்து ஹொப்பின் கூர்மையை மழுங்கவைத்து, மோல்டின் இனிமையை உலர்பழமாக மாற்றியிருக்கிறது. இதே ஒட்சிசன் மெல்லிய பியரில் புகுந்தால் நனைந்த கடதாசி அட்டையின் சுவையைத் தந்து அதைப் பாழாக்கும். பார்லி வைனின் கடுமை எதற்காக என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது வெறிக்காக மட்டும் இடப்பட்டதல்ல. காலத்தைத் தாங்குவதற்காக இடப்பட்ட தூண்.

மூன்றாவது எவருடையது என்பதை எழுதப்போவதில்லை. அது பதின்மூன்று வீதம் என்பதையும், இணையத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது என்பதையும் மட்டும் சொல்கிறேன். என் மருமகனும் அதற்கு முப்பத்தொன்பது இட்டிருந்தான். அவ்விடத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது.

கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பற்றி எழுதுவதற்காக ஒருமுறை தரகு நிறுவனமொன்றின் சுவைக்கூடத்தில் ஒரு முற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். 1883 இல் தொடங்கிய ஏலம் அது. நீண்ட மேசையில் வரிசையாக நூற்றுக்கணக்கான கோப்பைகள். சுவைஞர் கரண்டியால் எடுத்து, சத்தம் எழ உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். முதற் கோப்பையைச் சுவைத்த அதே மனிதர்தான் இருநூறாவது கோப்பையையும் சுவைப்பார். துப்பிவிடுவதால் அது இயலுகிறது.

பியர் நடுவர் துப்புவதில்லை. கைப்பு விழுங்கிய பின்னரே முழுமையாகத் தெரியும் என்பது அவர்களது நியாயம். சாதாரண பியரில் இது பெரிய இடைஞ்சல் அல்ல. பார்லி வைனில்? அறுபது மில்லிலீற்றர் வீதம் எட்டுக் கிண்ணங்கள், ஒவ்வொன்றும் பத்து வீதம் என்று வையுங்கள். முழுவதையும் விழுங்கினால் சாதாரண பியர் ஒரு லீற்றர் உள்ளே போனதற்குச் சமம். எட்டாவது கிண்ணத்துக்குத் தீர்ப்பெழுதுபவர் முதலாவது கிண்ணத்துக்கு எழுதியவர் அல்லர். களைத்த நாக்குக்கு மெல்லிய குரல் கேட்காது. உரக்கக் கத்துவதுதான் கேட்கும். பீப்பாய், வனிலா, பதின்மூன்று வீதம் எல்லாம் உரத்த குரல்கள்.

இணையத்தில் நடந்ததும் இதுவே என்பது என் கருத்து. 2000 இல் தொடங்கி 2025 இல் மூடப்பட்ட 'ரேட்பியர்' தளத்தின் உச்சப் பட்டியல்களை நிரப்பியவை பெரும்பாலும் மிகக் கடுமையான ஸ்டவுட்டுகளும் அவற்றின் உறவினரும். நான்கு வீதத்தில் நேர்த்தியாக வடித்த ஓர் ஆங்கிலேய பிற்றர் அங்கே தலைகாட்டுவதே அரிது. எங்கள் தவறணைக்காரர் கேட்ட "எத்தனை வீதம்?" என்ற அதே கேள்வியைத்தான் இந்த இரசிகர்களும் கேட்டார்கள். அவர் ரூபாவை எண்ணிக் கேட்டார். இவர்கள் வாய்நிறையச் சொற்களோடு கேட்டார்கள்.

மருமகன் இதை ஏற்கவில்லை. "போட்டியிலே ஆரும் கிண்ணத்தை முழுக்கக் குடிக்கிறேல்லை மாமா. ரெண்டு மூண்டு வாய்தான். ஒரு பியரை ரெண்டு மூண்டு பேர் சேர்ந்துதான் பார்க்கிறது. நீங்கள் ஒரு இரவிலே மூண்டு கிண்ணம் குடிச்சுப்போட்டு நடுவர்மாரை எல்லாம் குறை சொல்லுறியள்." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கத்துக்குட்டி. இருந்தும் ஒன்று கேட்டேன்: "உன்ரை முப்பத்தொன்பதை முதல் வாயோடை எழுதினியோ, மூண்டாம் வாயோடையோ?" அவன் சிரித்துக்கொண்டு புள்ளித்தாளை மடித்துவிட்டான்.

இலங்கையருக்கு இதில் அந்நியத்தன்மை கிடையாது என்பதற்கு ஒரு சான்று. உலகின் பியர்களை ஊர் ஊராகத் தேடிச் சென்று எழுதியவர் ஆங்கிலேயரான மைக்கல் ஜாக்சன். பாடகர் அல்லர், 1942 இல் பிறந்து 2007 இல் மறைந்த எழுத்தாளர். அவர் எங்கள் லயன் ஸ்டவுட்டை வியந்து எழுதினார். 1881 இல் நுவரெலியாவில் தொடங்கிய ஆலையின் வழிவந்த அந்தக் கரும்பியர் இன்று 8.8 வீதம், அதாவது பார்லி வைனின் வாசலில் நிற்பது. ஜாக்சன் அதில் கண்டது சுவையை. நாங்கள் அதை வாங்கியது வீதத்துக்காக. பனிக்கட்டி போலக் குளிரவைத்து, போத்தலோடு வாயில் கவிழ்த்தோம். குளிரில் நாக்கு மரத்துப்போகும்; மரத்த நாக்குக்கு எதுவும் தெரியாது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு போத்தல் வாங்கி, குளிர் இறங்கும்வரை மேசையில் வைத்திருந்து, சிறு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக அறிந்த ஒருவர் பாடக்கூடியவர் என்று திடீரென அறிந்ததுபோல் இருந்தது.

பிரித்தானியாவில் 2011 இலிருந்து 7.5 வீதத்துக்கு மேற்பட்ட பியருக்குத் தனி மேல்வரி இருந்தது. 2023 ஓகஸ்டிலிருந்து 8.5 வீதமும் அதற்கு மேலும் உள்ள பியர் வைனோடு சேர்த்து ஒரே கட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மலிவான கடும் பியரைக் குடித்துத் தெருவில் விழுவோரைக் காப்பதே அந்த மேல்வரிக்குச் சொல்லப்பட்ட காரணம். என் துணை ஆசிரியரை நினைக்கும்போது அதை எதிர்க்க என்னால் முடியாது. ஆயினும் எட்டாண்டு காத்திருந்து சிறு கிண்ணமாய்க் குடிப்பதும் ஒரே மடக்கில் விழுங்குவதும் வரிப்புத்தகத்தில் ஒரே வரியில் எழுதப்படுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

புறப்படுவதற்கு முதல்நாள் மருமகன் இரண்டு ஓராண்டுப் போத்தல்களில் என் பெயரை எழுதிப் படிக்கட்டின் கீழ் வைத்தான். திறக்கும் ஆண்டு 2031 என்று கீழே குறித்திருந்தான். "அதுக்கிடையிலே நீங்கள் வரவேணும்" என்றான். தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணை, அதுக்கு முதல் உங்கடை இரத்த அழுத்தத்தைப் பாருங்கோ" என்றாள்.