தாளத்திற்குத் தலைவன் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கொங்கு நாட்டில் கலியாணம் என்றாலும் மாரியம்மன் நோம்பி என்றாலும் முன்பெல்லாம் ரேடியோ செட்டுக்காரர் இசைத்தட்டுப் பெட்டியோடு வந்து இறங்குவார். இன்று பல இடங்களில் அவர் இடத்தில் ‘டி.ஜே.’ நிற்கிறார். கையில் மடிக்கணினி இருக்கிறது. ஒரு பாட்டு முடியும் முன்பே மறு பாட்டை அதன்மேல் ஏற்றி, ஆடுகிறவர்களின் கால் தடுமாறாமல் கொண்டு செல்வதே அவர் தொழில். அதற்கு இரு பாட்டுகளின் காலப்பிரமாணமும் ஒன்றாக வேண்டும். முன்பு காதால் செய்த அந்த வேலையை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. யாருடைய தாளத்தை மனத்தில் வைத்து அது இதைச் செய்கிறது? இந்தக் கேள்வியை நம் மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்திற்கு 120 தட்டு ஓடும் பாட்டும் 121 தட்டு ஓடும் பாட்டும் ஒன்றாகப் புறப்பட்டால், அரை நிமிடத்தில் அரைத் தட்டு விலகிவிடும். கேட்பவருக்கு இரண்டு மத்தளங்கள் சண்டையிடுவது போலிருக்கும். 120-ஐ 126-உடன் சேர்க்க வேண்டுமானால், முதல் பாட்டை 1.05 மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். வெறுமனே வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும். எனவே சுருதியை நிறுத்தி வேகத்தை மட்டும் மாற்றும் கணிதம் தேவை. வேகம் ஒத்தபின் தட்டின்மேல் தட்டு விழ வேண்டும். இதை நாம் வகுப்பில் கட்டம் ஒத்தல் என்று படிக்கிறோம்.

இவ்வகை மென்பொருள்கள் பல விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவரும் பார்க்க முடியாது. ஆனால் ‘மிக்ஸ்’ என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயர் மூன்று எக்ஸ் எழுத்துகளோடு முடியும். 2001-இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு முயற்சியாகத் தொடங்கிய இம்மென்பொருள் கட்டற்றது. விலை இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் மூல நிரல் அனைவருக்கும் திறந்து கிடக்கிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பி வைக்கலாம். கூகுள் நிறுவனத்தின் கோடைக்கால நிரல் திட்டத்தின் வழியாக மாணவர்கள் பல ஆண்டுகள் இதில் பணி செய்திருக்கிறார்கள்.

தட்டுகளைக் கண்டுபிடிக்க, லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான நிரல் ஒன்றை ‘மிக்ஸ்’ பயன்படுத்துகிறது. ஒலி திடீரென எழும் இடங்களைக் கண்டு, அவற்றில் ஒழுங்காகத் திரும்பி வருபவற்றை அது தட்டு என்று குறிக்கிறது. பிறகு வருகிறது ஓர் ஊகம்: பாட்டின் வேகம் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாது என்று வைத்துக்கொள். இதை விலக்கி வைக்கவும் வழி உண்டு. ஆனால் வைத்துக்கொள்வதே பரிந்துரை. மேலைநாட்டு நடனக் கூடத்து இசைக்கு இது முற்றும் பொருந்தும். அங்கே தாளம் போடுவது பெரும்பாலும் எந்திரம். எந்திரத்திற்கு மூச்சு வாங்காது.

நம் தாளம் அப்படிப்பட்டதா? வள்ளி கும்மியை எண்ணிப் பாருங்கள். வாத்தியார் பாட்டெடுத்து நிதானமாகத் தொடங்குவார். அடி மாற மாற நடை ஏறும். இறுதியில் கால் தரையில் பாவாது. ஒயிலாட்டமும் அப்படியே. நோம்பிக் கம்பத்தைச் சுற்றி இரவில் ஆடும் ஆட்டத்தில் பறையின் வேகத்தை ஏற்றுவது ஆடுகிறவர்களின் உற்சாகம்தான். ஒரு கும்மி நிமிடத்திற்கு 80 தட்டில் தொடங்கிச் சீராக ஏறி 140-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சராசரி 110. ஆனால் அந்தக் கும்மி 110-இல் ஓடியது ஒரே ஒரு கணந்தான்! மற்ற நேரமெல்லாம் எந்திரத்தின் கோடு ஓரிடம், கும்மிக்காரியின் கால் வேறிடம். பறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடிக்குச்சியின் கனத்த அடிகளுக்கிடையே சிண்டுக்குச்சியின் மெல்லிய அடிகள் விரைந்து விழும். அவற்றையும் எண்ணினால் வேகம் இருமடங்காகத் தோன்றும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. எங்கள் பக்கத்து நோம்பி ஒன்றில், பதிவு செய்த கும்மியைத் திரைப்பாட்டோடு ஒட்டி ஒலிக்கவிட்டார்கள். நாலு சுற்று வரை பொறுத்த பெண்கள் பிறகு அடி போட முடியாமல் விலகி நின்றுவிட்டார்கள். ‘இந்தப் பாட்டுக்குத் தாளம் சரியில்லீங்க’ என்றார் ஒலிபெருக்கிக்காரர். நான் வருந்தியது இந்தச் சொல்லுக்காகத்தான். ஊகம் பிழைத்தது எந்திரத்தில், குற்றவாளியானதோ கும்மி! இப்படிப் பத்து ஆண்டுகள் சொன்னால் நம் பிள்ளைகளும் அதையே நம்பிவிடுவார்கள். பிறகு எந்திரத்திற்கு ஏற்றபடி கும்மியின் நடையைச் சமன்படுத்திப் பாடத் தொடங்குவார்கள். அந்த ஏற்றத்தில்தான் கும்மியின் உயிரே இருக்கிறது.

‘நேரில் ஆட வேண்டிய கலையைக் கணினிக்குள் நுழைப்பானேன்?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் நுழைக்காவிட்டாலும் அது நுழைந்துவிட்டது. கைப்பேசியில் பதிவாகாத ஆட்டம் இன்று எது? நுழைந்தது சிதையாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. ‘எந்திரம் தாளம் சேர்த்தால் காது மழுங்கும்’ என்பாரும் உண்டு. கணக்கிடும் கருவி வந்ததால் கணிதம் அழியவில்லை. கருவி தரும் விடையைச் சரிபார்க்கத் தெரியாதபோதுதான் ஆபத்து.

செய்ய முடியாத வேலையும் அன்று இது. 2011-இல் பார்சிலோனாவில் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ ஆராய்ச்சியில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கு கொண்டது. ஆதி, ரூபகம், மிச்ர சாபு, கண்ட சாபு ஆகிய தாளங்களில் அமைந்த கர்நாடக இசைப் பதிவுகளில் தட்டுகளை மனிதர் கேட்டுக் குறித்துத் தொகுத்தார்கள். அத்தொகுப்பை வைத்து எந்திரத்திற்கு அத்தாளங்களைக் கற்பிக்க முடிந்தது. சபா மேடைத் தாளத்திற்குக் கிடைத்த இந்த மதிப்பு, களத்து மேட்டுத் தாளத்திற்கும் கிடைக்க வேண்டாமா?

மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, வாத்தியார்களிடமும் பறைக் கலைஞர்களிடமும் அனுமதி பெற்று, அவர்கள் ஆட்டங்களை முழுமையாகப் பதிய வேண்டும். அவர்கள் பெயர் பதிவிலே நிற்க வேண்டும். உழைப்புக்கு ஊதியமும் வேண்டும். பறையின் ஒலியை வாங்கிக்கொண்டு பறையடிப்பவரை ஊருக்கு வெளியே நிறுத்திய பழைய வழக்கத்தைப் புதிய கருவியிலும் தொடரக் கூடாது. இரண்டாவது, அப்பதிவுகளில் தட்டுகளைக் கையால் குறிக்க வேண்டும். இதற்கு நிரல் அறிவு வேண்டியதில்லை; கும்மியடித்த காதும் பொறுமையும் போதும். எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடம் பாராத அம்மாக்களும் பாட்டிகளும் இப்பணியில் நமக்கு ஆசிரியர்கள். மூன்றாவது, எந்திரம் குறித்ததையும் நாம் குறித்ததையும் ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு பிழை என்று கணக்கிட்டு, அந்நிரலை உருவாக்குவோருக்கு அறிவிக்க வேண்டும். கணினியியல் மாணவர் இன்னும் ஒரு படி மேலே சென்று நிரலையே திருத்தி அனுப்பலாம்.

‘மிக்ஸ்’ மென்பொருளில் இரண்டு பாட்டுகளை இணைக்கும்போது ஒன்று தலைவன், மற்றது பின்தொடர்வது என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேகம் மாறும் பாட்டையே தலைவனாக அமர்த்தி, மற்றதை அதன் பின்னே ஓடவிடும் வழியும் அண்மைப் பதிப்புகளில் உண்டு. தட்டுகள் சரியாகக் குறிக்கப்பட்டால்தான் அதனால் பயன். குறித்துக் கொடுத்துவிட்டால் கும்மி ஏறும்போது திரைப்பாட்டும் கூடவே ஏறும். கும்மிக்காக அது மூச்சிரைக்க ஓடட்டும்! விலைக்கு வாங்கிய பெட்டியில் இந்த உரிமையை நாம் கெஞ்சிக் கேட்க வேண்டும். திறந்த நிரலில் உழைப்பைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்த நோம்பிக்குள் ஒரே ஒரு கும்மிக்காவது இதைச் செய்ய, இயற்பியலும் கணிதமும் கணினியியலும் பயிலும் நம் கல்லூரி நண்பர்கள் நாலைந்து பேர் முன்வந்தால் போதும்.