பணம் வருகிறது, முகம் வருவதில்லை: அந்நியப் பங்கு முதலீடும் செபியின் தயக்கமும்

2024 அக்டோபர் மாதத்தில் மட்டும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குச் சந்தையிலிருந்து சுமார் 94,000 கோடி ரூபாயை எடுத்துச் சென்றார்கள். அதற்கு முன் ஒரே மாதத்தில் இவ்வளவு பணம் வெளியேறியதில்லை. கொரோனா பீதியில் உலகமே முடங்கிய 2020 மார்ச்சில்கூட சுமார் 62,000 கோடிதான் போனது. இந்தச் செய்தியை நம்மில் பலர் வாசித்துவிட்டு, 'பங்குச் சந்தையில் நமக்கென்ன வேலை' என்று கடந்து போயிருப்போம். ஆனால் தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதி 2015 முதல் பங்குகளில்தான் போடப்படுகிறது. டாலர் மொத்தமாக வெளியேறினால் ரூபாய் சரியும்; பெட்ரோல், சமையல் எண்ணெய் விலை ஏறும்; ரியாலின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் ஹஜ் செலவும் ஏறும். வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீடுகளுக்கு மட்டும் அந்த நேரத்தில் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

அந்நிய முதலீடு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் கார் தொழிற்சாலை கட்டினால் அது நேரடி முதலீடு. நினைத்தவுடன் அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றில் 10 சதவீதத்துக்குக் குறைவாகப் பங்கு வாங்கினால் அது போர்ட்ஃபோலியோ முதலீடு. காலையில் வாங்கி, அமெரிக்காவில் வட்டி உயரும் என்ற பேச்சு கிளம்பினாலே விற்றுவிட்டுக் கிளம்பலாம். 2013இல் அதுதான் நடந்தது. அமெரிக்க மத்திய வங்கி பணப் புழக்கத்தைக் குறைக்கப் போவதாகப் பேசத் தொடங்கியது. மே மாதம் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது.

இந்த வாசலை இந்தியா 1992 செப்டம்பரில் திறந்தது. திறந்ததில் நமக்குப் பெரிய மறுப்பில்லை. நம் கவலை வேறு. உள்ளே வருபவர் யார் என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டா? உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோதெல்லாம் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

இந்தியாவில் பதிவு செய்யாமலே, பதிவு செய்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வழியாக இந்தியப் பங்குகளில் பணம் போட 'பி-நோட்' எனப்படும் பங்கேற்புப் பத்திரங்கள் உதவின. பங்கு ஒருவர் பெயரில் இருக்கும், பணம் வேறொருவருடையது. 2007இல் வெளிநாட்டு நிறுவனங்களின் முதலீட்டில் பாதிக்கு மேல் இந்த வழியில் வந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று, இதைக் கட்டுப்படுத்தும் யோசனையை செபி வெளியிட்டது. மறுநாள் சந்தை திறந்த சில நிமிடங்களில் சென்செக்ஸ் 1,700 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. வர்த்தகத்தை ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. நிதியமைச்சர் ப. சிதம்பரம் உடனே விளக்கம் கொடுத்து முதலீட்டாளர்களை அமைதிப்படுத்தினார். கட்டுப்பாடுகள் வந்தன; ஆனால் மறு ஆண்டே உலக நிதி நெருக்கடியில் பணம் ஓடத் தொடங்கியதும் செபி அவற்றைத் தளர்த்தியது.

2018 ஏப்ரலிலும் இதே கதைதான். நிதிகளின் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரத்தைக் கேட்டு செபி சுற்றறிக்கை விட்டது. 'இப்படிக் கேட்டால் 75 பில்லியன் டாலர் வெளியேறிவிடும்' என்று முதலீட்டு மேலாளர்களின் அமைப்பு ஒன்று எச்சரித்தது. செப்டம்பரில் விதிகள் இளகின.

இளகியதன் விலை 2023இல் தெரிந்தது. அதானி குழுமப் பங்குகளை வைத்திருந்த சில வெளிநாட்டு நிதிகள் உண்மையில் அக்குழும உரிமையாளர்களின் முகமூடிகளே என்று ஹிண்டன்பர்க் நிறுவனம் குற்றம் சாட்டியது. குழுமம் அதை மறுத்தது. நாம் இங்கே யாருக்கும் தீர்ப்பு எழுதவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். 13 வெளிநாட்டு நிறுவனங்களின் பின்னால் இருப்பது யார் என்று செபி 2020 முதல் தேடியும் கடைசி உரிமையாளரை எட்ட முடியவில்லை. கடைசி மனிதர் வரை விவரம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தியதும் அதே செபிதான். பூட்டைக் கழற்றியவரே திருடனைத் தேடி அலைந்த கதை இது.

2023 ஆகஸ்டில் செபி திருந்தியது. இந்தியப் பங்கு முதலீட்டில் பாதிக்கு மேல் ஒரே குழுமத்தில் வைத்திருப்பவர்களும், 25,000 கோடிக்கு மேல் வைத்திருப்பவர்களும் கடைசி மனிதர் வரை உரிமை விவரம் தர வேண்டும் என்றது. வெளிநாட்டு அரசு நிதிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நல்ல விதி. ஆனால் 2025 மார்ச்சில் அந்த 25,000 கோடி வரம்பு 50,000 கோடியாக உயர்ந்தது. சந்தையின் அளவு பெருகிவிட்டது என்பது செபி சொன்ன காரணம். பொய்யான காரணம் என்று சொல்ல மாட்டோம். ஒரே குழுமம் பற்றிய விதியையும் செபி தொடவில்லை. ஆனாலும் நேரம் உறுத்துகிறது. 2024 அக்டோபரில் வெளிநாட்டினர் விற்றபோது உள்நாட்டு நிறுவனங்கள் ஒரு லட்சம் கோடிக்கு மேல் வாங்கின. அதே மாதம் எஸ்ஐபி வழியாகச் சிறு சேமிப்பாளர்கள் பரஸ்பர நிதிகளில் போட்ட தொகை முதன்முறையாக 25,000 கோடியைத் தாண்டியது. அதாவது 2007இல் இல்லாத ஒரு தாங்கு சுவர் இப்போது இருக்கிறது. அது மாதச் சம்பளக்காரர்களின் பணத்தில் எழுந்த சுவர். 'போய்விடுவோம்' என்ற மிரட்டலுக்கு முன்போல் அஞ்ச வேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகு கேள்வியைச் சுருக்குவானேன்?

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2025 ஜூலையில் வந்த ஜேன் ஸ்ட்ரீட் விவகாரம் சாட்சி. போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர்கள் ஒரே நாளில் பங்கை வாங்கி அன்றே விற்கக் கூடாது என்பது விதி. இந்த அமெரிக்க நிறுவனம் இந்தியாவிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து அந்த விதியைச் சுற்றி வந்தது என்கிறது செபியின் இடைக்கால உத்தரவு. அதன்படி 2024 ஜனவரி 17 காலையில் வங்கிப் பங்குகளையும் அவற்றின் ஃப்யூச்சர்களையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கிக் குறியீட்டை உயர்த்தினார்கள். பிறகு அவற்றை விற்றுக் குறியீட்டை இறங்கவிட்டு, ஆப்ஷன் சந்தையில் ஒரே நாளில் 734 கோடி ஈட்டினார்கள். 4,843 கோடியை செபி முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து, பணத்தைக் கட்டிவிட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

அந்த 734 கோடி வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆப்ஷன் வர்த்தகத்தில் ஒருவர் பெறுவது மற்றொருவர் இழப்பது. ஃப்யூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர், 2024 மார்ச்சுடன் முடிந்த மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் சொந்த ஆய்வே சொல்கிறது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கு மேல். கைப்பேசிச் செயலியில் 'ஈஸியா சம்பாதிக்கலாம்' என்று நம்பி இறங்கிய இளைஞர்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் கணினி நிரல்களோடு உட்கார்ந்திருப்பது யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.