வண்டிக்கு இருந்த உரிமை

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், ஒரு பழைய வீட்டின் பின்புறம் சிறிய கராஜ் ஒன்று நிற்கிறது. பின்னாளில் எச்.பி. நிறுவனமான தொழிலை 1938இல் ஹியூலட்டும் பேக்கார்டும் தொடங்கிய இடம். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம் என்று மாநில அரசு அதை வரலாற்றுச் சின்னமாக்கியிருக்கிறது. பேக்கார்டு தம்பதி அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்க, ஹியூலட் படுத்து உறங்கியதோ கொல்லையில் இருந்த கொட்டகையில்.

கொட்டகையில் தங்கிய பொறியாளர் வரலாற்றில் ஏறினார். பின்னாளில் கராஜில் தங்கிய கூலித் தொழிலாளி சட்டத்துக்கு ஒளிந்து வாழ்ந்தார். ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ 1987இல் எடுத்த கணக்கின்படி, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் மட்டுமே சுமார் 42,000 கராஜ்களில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அனுமதி இல்லாததால் அதிகாரி எட்டிப் பார்க்கவில்லை. மின்கம்பியும் கழிவுக்குழாயும் எப்படி இருக்கின்றன என்று கேட்க ஆளில்லை.

இவர்களை ஒளிந்து வாழவைத்தது எது? ஒரு மனைக்கு ஒரே வீடு என்ற விதி ஒன்று. வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதி மற்றொன்று. கராஜில் ஆள் குடியேற வேண்டுமானால், காருக்கு அதே மனையில் வேறு இடம் காட்ட வேண்டும். இடம் இல்லையா, அனுமதியும் இல்லை.

2017இல் தளரத் தொடங்கிய இந்த முடிச்சு 2020 ஜனவரியில் அவிழ்ந்தது. கராஜை வீடாக்குபவரிடம் மாற்று நிறுத்துமிடம் கேட்கக் கூடாது என்றது மாநிலச் சட்டம். முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் சொல்ல வேண்டும். மதிலை ஒட்டி நிற்கும் பழைய கராஜ் என்பதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. 750 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு மேம்பாட்டுக் கட்டணம் இல்லை.

இந்தச் சட்டத்தின் பெரிய பலன், பரிசோதகர் உள்ளே வருவதுதான். இரண்டு கார் நிற்கும் கராஜ் என்றால் 400 சதுர அடி தேறும். ஆனால் அது மனிதருக்காகக் கட்டப்பட்டதல்ல. தண்ணீர் வெளியேறத் தரை கதவுப் பக்கம் சரிந்திருக்கும். அதை மட்டப்படுத்தி ஈரம் ஏறாமல் தடுக்க வேண்டும். பெரிய கதவு இருந்த இடத்தில் சுவர் எழுப்ப வேண்டும். கூரை 7 அடியாவது உயரம் வேண்டும். தீப்பிடித்தால் ஏறிக் குதிக்கும் அளவுக்குப் படுக்கையறையில் ஜன்னல் வேண்டும். திருட்டுத்தனமாகக் கட்டும்போது முதலில் விடுபடுவது இந்த ஜன்னல்தான்.

தெருவெல்லாம் கார் நிறைந்துவிடும் என்ற அக்கம்பக்கத்தாரின் கவலை பொய்யல்ல. ஆனால் பல கராஜ்களில் இருப்பது பழைய சாமான்கள்; கார் முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. இலவச நிறுத்துமிடத்துக்கான விலையை வாடகை வழியாக எல்லோரும் கொடுக்கிறோம் என்று நகரத் திட்டமிடல் அறிஞர் டொனால்டு ஷூப் 2005இலேயே நூல் எழுதி வாதிட்டார்.

உண்மையான குறை வேறு. சட்டம் அனுமதி தருகிறது, பணம் தருவதில்லை. சேமிப்போ கடன் தகுதியோ உள்ளவர் கட்டுகிறார். அம்மா அப்பாவைத் தங்கவைக்கிறார் அல்லது நல்ல வாடகைக்கு விடுகிறார். 2020க்கு முன் அனுமதியின்றி உருவான குடியிருப்புகளை முறைப்படுத்த 2024இல் வழி செய்யப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் குறைகளை மட்டும் சரிசெய்தால் போதும். ஆனால் அந்தச் செலவு வாடகையில் ஏறினால், அங்கே குடியிருந்தவர் வெளியேற நேரும். மாநில அரசு குறைந்த வட்டிக் கடன் கொடுத்து, பதிலுக்குச் சில ஆண்டுகள் வாடகையை உயர்த்தக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். இல்லையேல் கராஜுக்கு ஜன்னல் வந்துவிடும். அதைத் திறந்து பார்க்கப் பழைய குடித்தனக்காரர் அங்கே இருக்க மாட்டார்.